அங்கே இரவு 11.30, இங்கே காலை 10

வணக்கம் சார்,

உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் ஏற்காட்டில் வளர்ந்தவள். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதினார். 2001ல் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கிளாஸ் 11.30 மணிக்கு. ஆனால் முதல் பஸ்ஸைப் பிடித்து 10 மணிக்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய். வீட்டில் தெரியாது.

யாஹூ சாட்டில் ஓர் அக்கா பழக்கமானார். டொராண்டோவில் இருந்த ஈழத்தமிழ்ப் பெண். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து அவருக்கு இரவு 11.30 மணிக்கு ஆன்லைனில் வருவார். அப்பாவின் உடம்பு, என் படிப்பு, போரில் காணாமல்போன அவருடைய தம்பி என்று எல்லாம் பேசியிருக்கிறோம். ஒரு தடவை பெயர் கேட்டேன். "அது வேண்டாம் பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. படமும் பார்த்ததில்லை.

2004ல் கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். வீட்டில் நெட் இல்லை. குழந்தை பிறந்து, சில வருடம் கழித்துத் தேடினால் அவர் இல்லை. இப்போது பிளஸ் டூ படிக்கும் என் மகள், "பேரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது, அப்புறம் எப்படிம்மா ஃப்ரெண்டு?" என்று சிரிக்கிறாள். என் தம்பி, அதெல்லாம் தனிமையில் இருந்தவர்களின் டைம்பாஸ், ஆராய்ச்சியே சொல்கிறது என்கிறான். கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் மாதிரி என்று சொல்ல ஆசைதான், கூச்சமாக இருக்கிறது. அது நட்புதானா? அவரை இப்போது தேடலாமா?

பெயர் வேண்டாம் சார்.

ஒரு வாசகி, திருப்பூர்

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

நட்புதான். இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

பிசிராந்தையாரைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் பார்க்காமலே நட்பு என்ற பள்ளிக்கூடப் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். புறநானூற்றின் 216ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் வடக்கிருக்கிறான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடக் காத்திருக்கிறான். கேள்விப்பட்டதைத் தவிர ஒருவரை ஒருவர் கண்டதே இல்லையே, அவர் எங்கே வரப்போகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள். வருவான், இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான் சோழன். அதற்கு அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: தன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால், "என் பெயர் பேதைச் சோழன்" என்று என் பெயரையே சொல்லிக்கொள்கிறவன் அவன். நண்பனின் பெயரில் ஐடி வைத்துக்கொண்ட முதல் தமிழர் பிசிராந்தையார்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். பெயர் தெரியாமல் எப்படி நட்பு? பெயர் தெரிந்திருந்தது என்பதுதான் பதில். அந்த அக்கா எந்த ஐடியில் வந்தாரோ அதே ஐடியில்தான் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். முதியோர் இல்லத்தில் சாயங்கால ஷிஃப்ட் முடித்து, குளிரில் பஸ் ஏறி வீடு சேர்ந்த ஒருவர், தூங்காமல் உட்கார்ந்து உங்கள் அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். ரேஷன் கார்டில் உள்ள பெயரா அது என்பதை வைத்து இதை அளக்க முடியாது.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும், கடிதத்தில் எழுதவில்லை. அந்த வருடங்களில் ஏப்ரலில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அவருடைய இரவு 11.30 அன்றிலிருந்து நமக்குக் காலை 9 மணி. அந்த நேரத்தில் நீங்கள் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஒன்றில் இருந்திருப்பீர்கள். அப்படியானால் கோடை முழுக்க ஒன்று அவர் நள்ளிரவு தாண்டி 12.30 வரை விழித்திருந்திருக்க வேண்டும், இல்லை நீங்கள் இன்னும் முந்திய பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். இந்த மணிக் கணக்கை மறந்திருந்தாலும், யார் விட்டுக்கொடுத்தார் என்பது நினைவிருக்கும். மகளிடம் அதையும் சொல்லுங்கள்.

புனைபெயரில் பேசும் பழக்கம் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. சேலத்துக்காரர்களுக்கு ரசிக்கத்தக்க ஒரு பூர்வீகம் அதற்கு உண்டு: லாரி. 1970களில் அமெரிக்க லாரி டிரைவர்கள் சிபி ரேடியோ என்ற சிறிய வானொலிப் பெட்டியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு போவார்கள். எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்பதுதான் முக்கியமான பேச்சு. அதனால் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1980ல் கணினியில் அரட்டைச் சேவை தொடங்கியபோது அதற்கு சிபி சிமுலேட்டர் என்றே பெயர் வைத்தது. ரேடியோவில் 40 சானல் என்பதால் இதிலும் 40 சானல். அப்புறம் 1988ல் பின்லாந்தின் ஓலு நகரத்தில் யார்க்கோ ஓய்கரினென் ஐஆர்சி என்ற இணைய அரட்டை மென்பொருளை எழுதினார். 1996ல் இஸ்ரேலிய இளைஞர்கள் ஐசிக்யூ என்ற இன்னொரு அரட்டை மென்பொருளைக் கொண்டுவந்தார்கள், அதில் பெயர்கூட இரண்டாம்பட்சம், எண்தான் ஆள். 1998ல் யாஹூ பேஜர் வந்து அடுத்த வருடமே மெசஞ்சர் ஆனது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிக்கு முன்னால் பெயர் எழுதுகிறவர்களின் ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இந்த வரிசையின் வாலைப் பிடித்தோம்.

அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15ல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது என்றாலும் அது பெருநகரங்களின் சமாச்சாரம். என் நினைவில் சேலத்தில் ஐந்து ரோடு பக்கமும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் பிரவுசிங் சென்டர் போர்டுகள் முளைத்தது 2000ஐ ஒட்டித்தான். பிளைவுட் தடுப்பு, பச்சைத் திரை, மானிட்டர் சூட்டில் ஒரு வாசனை. நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். தறிச் சத்தம் கேட்காத இடமே எனக்கு அப்போது புதுசு. வெளியே தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் கிள்ளான், பாரிஸ், ஆஸ்லோ என்று ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் அடிக்க நமக்கு வழி தெரியாது. எழுத்துரு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். வாய்ஸ் ரூம்களில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாட, மற்றவர்கள் கைதட்டல் பொம்மையாக அனுப்பித் தள்ளுவார்கள். பாதிப் பாட்டில் லைன் போகும். ஏற்காட்டில் மோடம் வைத்திருந்த ஒரு வீட்டில் இடி இடித்தால் மழைக்குத் துணி எடுக்கும் முன்னால் டெலிபோன் ஒயரைப் பிடுங்குவார்கள். மின்னல் லைன் வழியாக வந்து மோடத்தைக் கருக்கிவிடும்.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "சாட்டில் சாதி இல்லை" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. சேலத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் எது என்பார்கள். சேலம் என்றால், சேலத்தில் எங்கே? குகை என்றால், குகையில் எந்தத் தெரு? மூன்றாவது பதிலில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சாட்டிலும் வயது, ஆணா பெண்ணா, இடம் என்று மூன்று கேள்விதான். ஆனால் டொராண்டோக்காரரிடம் சேலம் என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர் பெருந்தன்மையானவர் என்பதால் அல்ல, நம் ஊரின் தெருக்கள் அவருக்குத் தெரியாது என்பதால். அதே ரூமில் இன்னொரு சேலத்துக்காரன் வந்து உட்கார்ந்தால் நாலாவது வரியில் "எந்த ஏரியா பாஸ்?" வந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் ஊரில் சந்தித்துக்கொண்டால், நட்பு தொடர்வதும் உதிர்வதும் அந்தப் பதிலைப் பொறுத்தது. தூரம் கொடுத்த சலுகை அது. சலுகையும் பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மணிக்கு 30 ரூபாயும் கொஞ்சம் ஆங்கில எழுத்தும் கையில் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகையும். என்னோடு தறிக்குழியில் இறங்கிய பையன்களில் பெரும்பாலோர் அந்தப் பச்சைத் திரைக்குள் வந்ததே இல்லை.

பெண்களுக்கு இன்னொரு கட்டணமும் இருந்தது. பெண் பெயரில் ரூமுக்குள் நுழைந்தால் திரை முழுக்கத் தனிச்செய்திகள் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும், அவற்றில் பாதியில் என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண் பெயரில் வந்த பெண்களை எனக்குத் தெரியும். அந்த அக்கா "அது வேண்டாம் பிள்ளை" என்றதில் இந்த அனுபவம் இருந்திருக்கலாம். தம்பி காணாமல்போன ஒரு குடும்பத்துக்குப் பெயரை வெளியே சொல்லாமலிருக்க வேறு காரணங்களும் உண்டு.

உங்கள் தம்பி சொல்லும் ஆராய்ச்சி பொய்யல்ல. 1998ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ராபர்ட் கிராவுட் குழு வெளியிட்டது. பிட்ஸ்பர்க்கில் 73 குடும்பங்களில் 169 பேரை, அவர்கள் இணையத்துக்கு வந்த முதல் ஓரிரு வருடங்கள் கவனித்தார்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் சோர்வும் சற்றே கூடியதாகக் கண்டார்கள். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் அதே குழு அதே ஆட்களைத் திரும்பப் போய்ப் பார்த்து 2002ல் எழுதியதை யாரும் அவ்வளவாகப் படிக்கவில்லை. அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன. புதிதாகச் சேர்த்த ஆட்களிடம் பொதுவாக நன்மையே தெரிந்தது, அதிலும் ஏற்கெனவே கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்குக் கூடுதல் நன்மை. தம்பியின் வாதம் இங்கே தலைகீழாகிறது. ஆள் இல்லாதவர்கள் மட்டும் போன இடமில்லை அது. உங்களுக்கும் வீடு நிறைய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

நட்பு சரி, அந்தச் சாட் உலகம் ஒரு சமூகமாக இருந்ததா என்றால், எல்லா நாளும் இல்லை. பெரும்பாலான நேரம் வெட்டி அரட்டை, சண்டை, கெட்ட வார்த்தை, பூட்டர் என்ற குறும்பு மென்பொருளைப் போட்டு ஆளை வெளியே தள்ளுவது. ஆனால் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 சாயங்காலம் நான் இருந்த ரூமில் யாரும் வயது கேட்கவில்லை. நார்வேயிலிருந்து ஒருவர் முல்லைத்தீவு என்கிறார், மலேசியாவிலிருந்து ஒருவர் நாகப்பட்டினம் என்கிறார். வெளிநாட்டிலிருந்து லைன் கிடைக்காதவர்கள் எண்ணைக் கொடுக்க, சேலத்துப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போய் அழைத்துப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதினார்கள். சென்டர்காரர் அன்று ராத்திரி நேரக் கணக்கு எழுதவில்லை. மறுவாரம் அதே ரூமில் அதே ஆட்கள் அஜித்தா விஜய்யா என்று அடித்துக்கொண்டார்கள்.

ரூம்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பயனர்கள் தாங்களே உருவாக்கிய ரூம்களை யாஹூ 2005லேயே எடுத்துவிட்டது. மிச்சமிருந்த பொது ரூம்கள் 2012 டிசம்பரில் போயின. மெசஞ்சர் 2018 ஜூலையில், ஐசிக்யூ 2024 ஜூனில். ஆகவே சில வருடம் கழித்து நீங்கள் தேடியபோது அக்கா கிடைக்காததற்கு, அவர் உங்களை மறந்தார் என்று அர்த்தமில்லை. நின்றிருந்த இடமே கலைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

தேடலாமா? தேடலாம், கவனமாக. அவரைப் பற்றித் தெரிந்த விவரங்களை எழுதி "இவரைத் தெரியுமா" என்று ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பெயர் சொல்லாமல் இருந்தது அவருடைய முடிவு, அதை நாம் கலைக்கக் கூடாது. பழைய ஐடிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பில் இருந்த ஐடிகளை 2013ல் யாஹூ வேறு ஆட்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. உங்கள் மெயில் போய்ச் சேருவது அவரிடம் இல்லாமலும் போகலாம். அதனால் முதல் மெயிலில் தம்பியைப் பற்றியோ முதியோர் இல்லத்தைப் பற்றியோ எதுவும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் ஏற்காட்டிலிருந்து வருகிற பிள்ளை என்று மட்டும் எழுதி, உங்கள் இருவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் மற்றதை எழுதுங்கள்.