பழைய எம்.ஜி.பி காரில் ஒயில் ஒழுகினால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

இறக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

உங்கள் கேள்வி இதுதான்: 1970களின் எம்.ஜி.பி (பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நிறுத்துகிற இடமெல்லாம் ஒயில் சொட்டுகிறது, கராஜில் காட்டினால் "பின்பக்க ஒயில் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்கிறார்கள். (எஞ்சினின் பின்முனையில் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்தான் அந்த சீல்.) நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், என்னிடம் இருப்பதும் எம்.ஜி.பிதான். வாங்கிய புதிதில் ஒரு கராஜில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். எஞ்சினை இறக்காமலே என் காரின் ஒழுக்கு நின்றது. உங்கள் காரிலும் அப்படி நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஒயில் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் வரை யாரையும் ஸ்பானர் வைக்க விடாதீர்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் விளங்குகிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில், அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அதன் நுனியில் ஒயில் துளி நின்றால் பின்பக்க சீல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சீலிலிருந்தும் அங்கே வரலாம், உண்மைதான். ஆனால் எஞ்சினுக்கு மேலே எங்கே கசிந்தாலும் ஒயில் கீழேதான் இறங்கும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். கல்லடியிலிருந்து கல்முனைக்கு ஒரு தரம் போய்வந்தால் போதும், முன்பக்கத்தில் கசிந்த ஒயில் கியர்பொக்ஸ் அடி வரைக்கும் பூசிவிடும். அந்த நிலையில் கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு எல்லா இடமும் ஒன்றாகத்தான் தெரியும்.

எனக்கு வழி காட்டியவர் ஏறாவூரில் இருக்கும் ஒரு மெக்கானிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). எம்.ஜி.பி அவர் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் எல்லாம் அவருக்கு அத்துபடி. இந்த விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. எம்.ஜி.பியின் 1798 சீசீ எஞ்சின் அந்தக் குடும்பக் கார்களில் இருந்த பி சீரீஸ் எஞ்சின்தான். இந்தியாவின் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியதும் அதே வம்சம். அதனால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஸ்போர்ட்ஸ் கார் மெக்கானிக் தேடி அலைய வேண்டாம். பழைய ஒக்ஸ்போட்டில் கை வைத்த ஒருவரைத் தேடுங்கள். இன்னும் இருக்கிறார்கள்.

காக்கா சொன்னது ஒன்றுதான்: "கழட்டாதீங்க தம்பி. முதல்ல கழுவிப் போட்டுப் பாருங்க."

கழுவுவது என்றால் சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டு அமுக்கத் தண்ணீர் அடிப்பதல்ல. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் காபரேட்டருக்குள்ளும் தண்ணீர் போனால் இன்னொரு தலையிடி தொடங்கும். அவை இரண்டையும் பொலித்தீனால் கட்டிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் வைத்து மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பல வருடத்து ஒயிலும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களி மாதிரி இருக்கும். அது முழுக்கப் போக வேண்டும். துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் வாடை போகும் வரை காய விடுங்கள். அப்புறம் பேபி பவுடர் எடுத்து எஞ்சினின் பக்கங்களிலும் அடியிலும் மெல்லிதாகத் தூவுங்கள். எஞ்சின் சூடாகும் வரை ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு சுற்றுப் போய்வந்து, நிறுத்தியவுடன் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

என் காரில் அப்படிப் பார்த்தபோது பின்பக்கம் முழுவதும் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. இடது பக்கம், எக்ஸோஸ்ட் மெனிபோல்டுக்குக் கீழே மட்டும் ஒரு பழுப்புக் கோடு, நூல் தடிப்பில். டப்பெட் கவரின் (எஞ்சினின் பக்கவாட்டுத் திறப்பை மூடும் தகடு) கீழ் ஓரத்தில் தொடங்கி, புளொக்கின் சரிவோடு பின்னுக்கு இறங்கி, சம்ப் (அடியில் ஒயில் தேங்கும் தொட்டி) விளிம்பைப் பிடித்து, கியர்பொக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் அந்த ஸ்பிளிட் பின்னில்தான் வந்து சொட்டியிருக்கும்.

அந்த டப்பெட் கவர் இரண்டு உண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மெல்லிய தகடு, உள்ளே இடுக்கை அடைக்கும் கார்க் கஸ்கெட், நடுவில் ஒரே ஒரு போல்ட். கார்க் காய்ந்து சுருங்கும். சுருங்கியதும் ஒயில் கசியும். கசிந்ததும் யாராவது போல்ட்டை இறுக்குவார்கள். இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கும், கசிவு இன்னும் கூடும். புதுக் கஸ்கெட் போடுவதற்கு முன் கவரைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஓரம் தூக்கியிருந்தால் தட்டி நேராக்க வேண்டும். போடும்போது போல்ட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு சிறிய திருப்பு, அவ்வளவுதான். பின்பக்கக் கவரைக் கழற்ற மெனிபோல்டை எடுக்க வேண்டி வரும். அரை நாள் வேலைதான், எஞ்சினை இறக்குவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் கஸ்கெட்டை மாற்றிவிட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதைப் பற்றித்தான். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். எம்.ஜி.பியில் முன்பக்க டப்பெட் கவரில் ஒரு சின்னக் குடுவை மாதிரி இருக்கும், அதற்குள் கம்பி வலை. அங்கிருந்து ரப்பர் குழாய் காபரேட்டர்களுக்குப் போகும். 1960களின் பல கார்களில் குழாய் இன்டேக் மெனிபோல்டில் இருக்கும் ஒரு வட்டமான வால்வுக்குப் போகும், அதற்குள் ஒரு ரப்பர் டயபிரம் (மெல்லிய சவ்வு). வலை அடைத்தாலோ, குழாய் உப்பி உள்ளே ஒட்டிக்கொண்டாலோ, டயபிரம் கெட்டாலோ உள்ளே அமுக்கம் ஏறும். இறுக மூடிய பானை கொதித்தால் மூடியைத் தள்ளுவது போல, அந்த அமுக்கம் ஒயிலை எந்தக் கஸ்கெட் பலவீனமோ அதன் வழியாக வெளியே தள்ளும். இன்றைக்கு டப்பெட் கவரை அடைத்தால் நாளைக்கு ரொக்கர் கவர் (எஞ்சினின் மேல்மூடி), அதையும் அடைத்தால் அதற்கு அடுத்து உண்மையாகவே பின்பக்க சீல். நல்ல சீலையும் இந்த அமுக்கம் கசிய வைக்கும்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. எஞ்சின் மெல்ல ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய கடதாசி ஒன்றை வையுங்கள். கடதாசி இலேசாக ஒட்டிக்கொண்டால் நல்லது. பறந்தாலோ துடித்துக்கொண்டு தூக்கினாலோ வழி அடைத்திருக்கிறது. முன்பக்கக் கவரைக் கழற்றி, அந்தக் குடுவையைப் பெற்றோலில் ஊறவைத்துக் கழுவுங்கள். குழாய்களைப் புதிதாகப் போடுங்கள். ஒயில் ஊற்றும் மூடியிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான எம்.ஜி.பிகளில் வெளிக்காற்று உள்ளே போவது அந்த மூடியில் இருக்கும் பில்டர் வழியாகத்தான். அதைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். இதெல்லாம் செய்த பிறகும் கடதாசி பறந்தால் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) சோதித்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். அப்படியானால் மட்டும்தான் எஞ்சின் வேலை பற்றிய பேச்சு.

ரொக்கர் கவரில் கசிந்தால் கார்க் கஸ்கெட்டோடு அந்த இரண்டு நட்டுக்கும் அடியில் இருக்கும் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். கஸ்கெட்டைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை வால்வு இடைவெளி பார்க்கும்போது கிழியாது. தயவுசெய்து சிலிக்கன் பூச விடாதீர்கள். நம் ஊர்க் கராஜ்களில் அது இல்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. அது உரிந்து சம்புக்குள் விழுந்து, ஒயிலை உறிஞ்சும் வலையை அடைத்தால் பேரிங்குகளுக்கு ஒயில் போகாது. அந்த எஞ்சினைக் காப்பாற்ற முடியாது.

வலது பக்கத்தில் ஒயில் பில்டர். பழைய குடுவை வகையாக இருந்தால் அதன் ரப்பர் வளையம் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை எடுக்காமல் மேலே புது வளையம் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஊசியால் கிளறிப் பாருங்கள். சம்ப் பிளக்கில் இருக்கும் செப்பு வொஷர் பல தரம் இறுகிக் கெட்டியாகியிருக்கும். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும், புதிது கிடைக்காவிட்டால் அதுவே போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். டாஷ்போர்டில் ஒயில் அமுக்கம் காட்டும் மானிக்குப் போகும் குழாயில், எஞ்சின் புளொக்கிலிருந்து புறப்படும் முதல் துண்டு ரப்பர். அதற்குள் எப்போதும் முழு அமுக்கத்தில் ஒயில் நிற்கும். ஓடும்போது 50 முதல் 80 பீஎஸ்ஐ. அந்த ரப்பர் வெடித்தால் சொட்டாது, பீறிட்டடிக்கும், சம்பில் இருக்கும் ஒயில் கொஞ்ச நேரத்தில் றோட்டில் கிடக்கும். ஒயில் கூலர் இருந்தால் அதன் குழாய்களும் இப்படித்தான். வெடிப்பு ஏதாவது தெரிந்தால் பொத்துவில் பக்கம் நெடும்பயணம் என்ற யோசனையை அதை மாற்றும் வரை விட்டுவிடுங்கள்.

சொட்டுவது எஞ்சின் ஒயில்தானா என்பதையும் பாருங்கள். வெள்ளை மட்டையை இரவில் காரின் அடியில் விரித்துவிட்டால் காலையில் இடமும் நிறமும் தெரியும். எம்.ஜி.பியின் கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயிலையே ஊற்றுவதால் மணத்தால் பிரிக்க முடியாது. ஆனால் கியர்பொக்ஸ் ஒயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், எஞ்சின் ஒயில் கறுத்திருக்கும். பின் அச்சு ஒயிலில் கந்தக வாடை அடிக்கும். அச்சின் மேலேயும் ஒரு சின்ன மூச்சுத் துவாரம் இருக்கிறது. சேற்றால் அடைத்தால் அந்த ஒயில் சில்லுப் பக்கம் தள்ளப்பட்டுப் பிரேக் லைனிங்கில் படும். மாரிக்குப் பிறகு அதைத் துடைத்துவிடுங்கள். நிறமே இல்லாமல் வழுவழுப்பாக, பெயின்டை உரிக்கிறதாக இருந்தால் அது பிரேக் அல்லது கிளச் ஒயில். அப்படியென்றால் சரிசெய்யும் வரை காரை எடுக்கவே வேண்டாம்.

எந்த ஒயில் ஊற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். புது ஜப்பான் கார்களுக்கான 5டபிள்யூ-30 இந்த எஞ்சினுக்கு மெல்லிசு, இருக்கிற கசிவையும் கூட்டும். 20டபிள்யூ-50 தான் சரி. அது இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

எல்லாம் பார்த்து, பவுடரில் வேறெங்கும் கோடு இல்லாமல் அந்தத் துவாரத்தில் மட்டும் கறுத்த ஒயில் நின்றால் பின்பக்க சீல்தான். அப்போதும் அவசரப்படாதீர்கள். சில துளிகள்தான் என்றால் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைவதை ஊற்றி ஓடலாம். கிளச் வழுக்கத் தொடங்கினாலோ, ஒயில் வேகமாகக் குறைந்தாலோ இறக்குங்கள். எம்.ஜி.பியில் கியர்பொக்ஸைத் தனியாகக் கீழால் எடுக்க முடியாது, எஞ்சின் வெளியே வந்தே ஆக வேண்டும். ஆகவே ஒருமுறை இறக்கினால் கிளச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார் இது, கஸ்கெட்டும் சீலும் இன்றைக்கும் புதிதாகவே செய்கிறார்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடிவிட்டு, கிடைக்காவிட்டால் இங்கிலாந்திலிருந்து எடுப்பியுங்கள்.

அதுவரைக்கும் காரின் அடியில் ஒரு தகரத் தட்டில் உமி பரப்பி வையுங்கள். நெல் ஆலைகளில் கேட்டால் தருவார்கள், ஒயிலை நன்றாக இழுத்துக்கொள்ளும். மாற்றுகிற ஒயிலைப் போத்தலில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். முற்றத்தில் ஊற்றினால் மழையோடு அது வாவிக்குத்தான் போகும். அந்த வாவியில்தான் மீன் பிடித்துச் சாப்பிடுகிறோம்.

சீல் வாங்கும் நிலை வந்தால் அதற்கு முன் எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள், புளொக்கின் வலது பக்கத் தகட்டில் இருக்கும். 18ஜி அல்லது 18ஜிஏ என்று தொடங்கினால் 1964 ஒக்டோபருக்கு முந்தைய மூன்று பேரிங் எஞ்சின் (கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் மூன்று). அதில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான், ஒரு சொட்டு வருவது அதன் இயல்பு. 18ஜிபியும் அதற்குப் பிந்தியவையும் ஐந்து பேரிங், அவற்றில் சீல் உண்டு. இங்கே எஞ்சின் மாற்றிப் போட்ட கார்கள் நிறைய ஓடுவதால் புத்தகத்தில் இருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம். இலக்கத்தை இங்கே எழுதுங்கள், எந்தக் கஸ்கெட் தொகுதி வாங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.