குழந்தையை நாய் கடித்துவிட்டது. கழுவிவிட்டு ஒரு ஊசி போட்டால் போதுமா?

போதாது. ஆனால் கழுவுவதுதான் முதல் மருந்து. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். அவசரத்தில் பலரும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். மஞ்சள், எண்ணெய், இறுக்கமான கட்டு எதுவும் வேண்டாம்.

அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியோடு, அந்த வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவை. தடுப்பூசி எதிர்ப்புசக்தியை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸைத் தடுப்பது இம்யூனோகுளோபுலின்தான். எடைக்கேற்ற அளவில் (மனித ரத்தத்திலிருந்து எடுத்த வகை கிலோவுக்கு 20 யூனிட், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தது 40) காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். இது விடுபடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, கேட்டு வாங்குங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளைக்குள் போட்டாக வேண்டும்.

தடுப்பூசி அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. தசையில் போடும் ஐந்து தவணை முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாள்கள். சிறு குழந்தைக்குத் தொடையின் முன்பக்கவாட்டில், பிட்டத்தில் கூடாது. டெட்டனஸ் ஊசியும் பாக்கியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தையல் கூடுமானவரை தள்ளிப்போடப்படும். போட்டே ஆக வேண்டுமென்றால் இம்யூனோகுளோபுலினுக்குப் பிறகுதான். முகம், தலை, கழுத்துக் கடி மூளைக்கு அருகில் என்பதால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். நாயை 10 நாள் கவனிக்கலாம், அதற்காக ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.