மொறிஸ் மைனரில் கருகும் வாசனை
வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தந்தை பாவித்த 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரை இன்னும் வைத்திருக்கிறேன். இரவில் முன்விளக்குகளைப் போட்டுக்கொண்டு காலி வீதியில் சிறிது தூரம் சென்றதும் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் றப்பர் கருகும் வாசனை வருகிறது. பியூஸ் எதுவும் போகவில்லை. வெளிச்சம் போதாதென்று அண்மையில் 100 வாட் ஹலஜன் பல்புகளைப் பொருத்தினேன். வயர்கள் துணி சுற்றிய பழையவை. முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: காரணம் தெரியும்வரை அந்தக் காரை இரவில் எடுக்காதீர்கள். பியூஸ் போகவில்லை என்று நீங்கள் ஆறுதல் கொள்ள இடமில்லை. உங்கள் காரில் தொழிற்சாலை பொருத்திய பியூஸ்கள் இரண்டே இரண்டு, அவற்றில் எதனூடாகவும் முன்விளக்குகளுக்கான மின்சாரம் செல்வதில்லை. ஒன்று ஹோர்னுக்கு, மற்றது வைப்பர், பிரேக் விளக்கு போன்றவற்றுக்கு. முன்விளக்குக்கான மின்சாரமோ எவ்விதக் காவலுமின்றி டாஷ்போர்ட் சுவிட்சுக்கு வந்து, பின்னர் வெளிச்சத்தைத் தாழ்த்தவும் உயர்த்தவும் காலால் அழுத்தும் டிப் சுவிட்ச் வழியாக முன்னே போகிறது.

100 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ற்றில் ஏறத்தாழ 17 அம்பியரை இழுக்கும். முன்பிருந்த பல்புகள் இழுத்தது ஏறத்தாழ அதில் பாதிதான். இந்தச் சுமை முழுவதும் அறுபது வருடப் பழைய சுவிட்சின் திருகு முனைகளைக் கடக்கிறது. முனை தளர்ந்தோ பச்சை பிடித்தோ இருந்தால் அவ்விடம் சூடேறி, அருகிலுள்ள றப்பர் உறை கருகும். பற்றறி இணைப்பைக் கழற்றிவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் சுவிட்சின் பின்பக்கத்தைப் பார்த்தால் கறுத்த முனை அநேகமாகக் கண்ணில் படும். உங்கள் காரில் மின்சாரம் உண்டாக்கும் டைனமோ தருவதே ஏறத்தாழ 20 அம்பியர்தான் என்பதால், அந்த பல்புகளைக் கழற்றிவிடுவதே நல்லது. 60/55 வாட்டுக்கு (தூர வெளிச்சம் 60, தாழ்ந்த வெளிச்சம் 55) மேல் போகவேண்டாம். அதையும் றிலே (சிறிய மின்சாரத்தால் தூண்டப்பட்டுப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) மூலம் கொடுங்கள். பற்றறிப் பக்கத்திலிருந்து 3 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றை றிலேக்கு இழுத்து, இடம் வலம் இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனியே 10 அம்பியர் பியூஸ் வைத்தால், ஒன்று போனாலும் வழியில் இருட்டில் நிற்கமாட்டீர்கள். அதன்பின் சுவிட்சுக்கு மிஞ்சுவது றிலேயைத் தூண்டும் சிறிய மின்சாரமே.

முழு வயரிங் பற்றிக் கேட்டீர்கள். வயரை விரலில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். உள் றப்பர் வெடித்து உதிர்ந்தால், ஒட்டுப்போட்டுக் காலம் கடத்தாமல் முழுவதையும் மாற்றுங்கள். கொழும்பின் கடற்காற்றும் ஈரமும் அத்தகைய வயரை விட்டுவைப்பதில்லை. எஞ்சின் அறையிலிருந்து வயர் உள்ளே நுழையும் தகட்டுத் துளையில் றப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பழைய கார்களில் அது எப்போதோ உதிர்ந்துபோயிருக்கும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கண்ணாடி பியூஸ் வாங்கும்போதும் கவனம் தேவை. அக்காலத்து லூக்காஸ் பியூஸில் 35 என்றிருப்பது உருகும் அளவு. அது தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். வேறு வகைகளில் 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவாகவே இருக்கலாம். போன பியூஸில் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சமாளிக்கும் பாஸ்மாரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: எனது ஓஸ்டின் ஏ40 காரின் பற்றறியைக் கழற்றும்போது, வழக்கம்போல நெகட்டிவ் வயரைத்தான் முதலில் தொட்டேன். ஸ்பனர் காரின் பொடியில் (உலோக உடலில்) பட்டதும் பெரிய தீப்பொறி பறந்தது. ஏன்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் காரில் பொடியோடு இணைக்கப்பட்டிருப்பது பொசிட்டிவ் முனை, அக்காலத்துப் பிரித்தானிய கார்கள் பலவும் அப்படித்தான். ஆகவே நெகட்டிவ் முனையே அதில் பொடியோடு சேராத பக்கம். ஸ்பனர் அந்த முனையையும் பொடியையும் ஒன்றாகத் தொட்டதும் பற்றறி ஷோர்ட் ஆகித் தீப்பொறி பறந்தது. எந்தக் காரானாலும் கழற்றும்போது பொடிக்குப் போகும் வயரை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரென்றால் அந்த வயரிலேயே கட்-ஓஃப் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். எலி வயரைக் கடித்தாலும் தீப்பிடிக்க மின்சாரம் இராது. இன்றைய ரேடியோக்களின் உலோகக் கூடு நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால், பற்றறி இணைப்பின் துருவத்தை மாற்றாமல் அதை இந்தக் காரின் பொடியில் திருகி இறுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.