புதிதாக எடுத்த லினக்ஸ் சர்வரில் பாதுகாப்புக்காக முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டு, சின்னதாக ஒரு வெப்சைட் ஏற்றியிருக்கிறார். "இதைப் போய் யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?" என்றும் கேட்கிறார்.

உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) எல்லா ஐபி முகவரிகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. உங்கள் சர்வரின் ஆத் லாக் ஃபைலை (உள்ளே வர முயன்றவர்களின் பதிவு) திறந்து பாருங்கள். ரூட் (எல்லா உரிமையும் உள்ள யூசர்), அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயரை மாற்றி மாற்றிப் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்த வரிகள் நீளமாக ஓடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாமாவின் கடைக்காக ஒரு சர்வர் வைத்திருந்தேன். எதையோ சோதித்துப் பார்க்க 'டெஸ்ட்' என்று ஒரு யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டும் 'டெஸ்ட்' என்றே கொடுத்தேன். வேலை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் "சைட் திறக்கவே மாட்டேங்குதுப்பா" என்று மாமா போன் செய்தார். 'டாப்' (ஓடும் பிராசஸ்களைக் காட்டும் கமாண்ட்) அடித்தால், பெயர் தெரியாத ஒரு பிராசஸ் சிபியு முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. கில் செய்தேன், ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. அந்த யூசரின் கிரான்டேபில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியல்) ஒரே ஒரு வரி: நிமிடத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டு. கிரிப்டோ மைனர், அதாவது என் சர்வரின் சக்தியில் ஊடுருவியவர்களுக்கு கிரிப்டோ நாணயம் சம்பாதித்துத் தரும் புரோகிராம். போதாததற்கு, ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் (பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய அனுமதியுள்ள கீகளின் பட்டியல்) அவர்களுடைய கீயையும் போட்டு வைத்திருந்தார்கள். அப்படி ஒருவர் உள்ளே வந்துவிட்டால் துடைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வேறு எங்கே கைவைத்தார்கள் என்று தெரியவே தெரியாது. நான் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன்.

அதனால் முதல் வேலை, பாஸ்வேர்டு லாகினை மூடுவது. சூடோ உரிமையுள்ள (தேவைப்படும்போது ரூட்டாக கமாண்ட் ஓட்டக்கூடிய) ஒரு சாதாரண யூசரை உருவாக்குங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எஸ்எஸ்ஹெச் கீ ஜோடியை (எஸ்எஸ்ஹெச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி; ஈடி25519 வகைக் கீ போதும்) உண்டாக்கி, பப்ளிக் கீயை (வெளியே கொடுக்கும் பாதி) மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். கீயால் உள்ளே போக முடிகிறது என்று பார்த்த பிறகு, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் பாஸ்வேர்டு லாகின், ரூட் லாகின் இரண்டுக்கும் 'நோ' போடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உபுண்டுவின் கிளவுட் இமேஜ்களில் (விபிஎஸ்களில் போடும் தயார்நிலைப் பிரதிகள்) கான்ஃபிக்குக்குப் பக்கத்திலேயே ஒரு துணை ஃபோல்டர் இருக்கும். அதில் கிளவுட்-இனிட் (சர்வரை முதல்முறை அமைக்கும் கருவி) எழுதிவைத்த ஃபைலில் பாஸ்வேர்டு லாகினுக்கு 'யெஸ்' என்று இருக்கலாம். எஸ்எஸ்ஹெச் முதலில் கண்ணில் பட்ட மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், அந்த ஃபோல்டரையோ முதலிலேயே படித்துவிடும். நீங்கள் போட்ட 'நோ' வீண். 'எஸ்எஸ்ஹெச்டி' கமாண்டைப் பெரிய எழுத்து 'டி' ஆப்ஷனோடு சூடோவில் ஓட்டினால், உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று காட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்போது பழைய டெர்மினலை மூட வேண்டாம். இன்னொரு விண்டோவில் உள்ளே போய்ப் பார்த்த பிறகு மூடுங்கள்.

அடுத்து ஃபயர்வால், அதாவது எந்தப் போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியே உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது. யுஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவி போதும், ஆனால் எஸ்எஸ்ஹெச் போர்ட்டான 22-ஐ அனுமதித்துவிட்டு ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அப்புறம் வெப்சைட்டுக்கான 80, 443. டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) பயன்படுத்தினால் கவனம்: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டை யுஎஃப்டபிள்யூ தடுக்காது. டேட்டாபேஸ் கன்டெய்னரை 127.0.0.1-இல் (சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கேட்க வையுங்கள். 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றுவதால் லாகில் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

பாதுகாப்பு அப்டேட்களைத் தானாக நடக்க விடுங்கள். புதிதாக வந்ததை உடனே ஏற்றும் ஆசை மட்டும் வேண்டாம், எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பிலேயே இருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (ஃபைல்களைச் சுருக்கும் கருவி) தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு வெளிப்பட்டது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற புரோகிராமர் துருவிப் பார்த்ததால் அகப்பட்டது. டெபியன் என்ற லினக்ஸின் ஸ்டேபிள் (சோதித்து நிலைத்த) பதிப்பு வைத்திருந்தவர்களை அது தொடவில்லை.

பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும். மாமாவின் பில் விவரங்களின் பேக்கப் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. மைனர்காரர்கள் அதைத் தொடாமல் விட்டதால் தப்பித்தோம். இப்போது தினமும் இரவு 2 மணிக்கு வேறொரு இடத்துக்குப் போகிறது, மாதம் ஒருமுறை அதை என் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து பார்க்கிறேன்.