குரூப் பி ஸ்ட்ரெப் பொசிட்டிவ்: இப்பவே குளிசை வேண்டுமா?

தங்கச்சி, கர்ப்பத்தின் 36ஆம் கிழமை ஸ்வாப்பில் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் பரிசோதனை) குரூப் பி ஸ்ட்ரெப் என்ற கிருமி பொசிட்டிவ், இப்பவே குளிசை போட்டால் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போனாலும் பிள்ளை பிறப்பதற்குள் திரும்ப வந்துவிடலாம். அதனால்தான், பிறக்கும்போது பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க, வலி தொடங்கிய பிறகு பெனிசிலினை நாளத்தில் ஏற்றுகிறார்கள். பிறப்புக்கு 4 மணித்தியாலம் முன்பாவது தொடங்கினால் நல்லது. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வழியிலேயே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். பன்னீர்க்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே வெளிக்கிடுங்கள். ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள், வாட்டில் முதல் வேலையாகக் காட்டுங்கள்.

இது அசுத்தத்தால் வந்ததில்லை, குடலில் சாதாரணமாக இருக்கும் கிருமிதான். மாமி சொல்வதைக் கேட்டு அழாதீர்கள்.

அப்புறம், பெனிசிலின் அலர்ஜி இருந்தால் டொக்டரிடம் இப்பவே சொல்லுங்கள். ஸ்வாப்பிலிருந்து வளர்த்த கிருமிக்கு, பெனிசிலினுக்குப் பதிலான கிளின்டமைசின் மருந்து வேலை செய்யுமா என்று லேப்பில் பார்க்க வேண்டியிருக்கும்.