செகாத்தா சான்ஷிரோ: கேட்டதும் சொன்னதும்

போன ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல்லில் நண்பர் வீட்டு மாடியில் பழைய வீடியோ கேம் கன்சோல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன வெள்ளை நிற செகா சாட்டர்னை ஆன் செய்ததும் பேச்சு முழுக்க ஒரே ஆளைச் சுற்றித்தான் போனது. ஜூடோ உடை உடுத்திக்கொண்டு, செகா விளையாடாத பையன்களைத் தூக்கி எறியும் செகாத்தா சான்ஷிரோ. சாட்டர்னை விற்பதற்காக செகா கம்பெனி ஜப்பானில் உருவாக்கிய விளம்பர நாயகன். அன்று கேட்டவற்றையும், வர முடியாதவர்கள் எழுதிக் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

திருமங்கலம் தம்பி: அண்ணே, நான் அந்த விளம்பரங்களைப் பார்த்ததே இல்லை. ஒன்றையாவது விவரமாகச் சொல்லுங்களேன்.

டிஸ்கோவில் நடப்பதைச் சொல்கிறேன். வண்ண விளக்குகள், சத்தமான இசை, இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை ஜூடோ உடையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வருகிறார். கையில் அகப்பட்டவனைப் பிடித்துத் தூக்கி எறிகிறார். விழுந்தவன் வெடிக்கிறான், நிஜமாகவே நெருப்பும் புகையுமாக. அடுத்தவனுக்கும் அதே கதி. எல்லாம் முடிந்ததும் “செகா சாத்தான், ஷிரோ!” என்று முழங்குகிறார். அவ்வளவுதான் விளம்பரம்.

அவர் முகத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு நொடிகூடச் சிரிப்பு எட்டிப் பார்க்காது. நம்ம ஊர்க்காரர் வடிவேலு முகத்தைப் படு சீரியஸாக வைத்துக்கொண்டு பேசும்போதுதானே நமக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது? அந்தக் கலைதான் இதுவும். ஆள் உயரத்துக்குச் செய்த சாட்டர்னை முதுகில் கட்டிக்கொண்டு பயிற்சி எடுப்பார். அந்த ராட்சத கன்சோலின் பட்டனைக் கையால் ஓங்கிக் குத்துவார். எதையும் விளையாட்டாகச் செய்ய மாட்டார்.

மேலூர் அக்கா: பெயரில் ஏதோ சிலேடை இருக்கிறது என்றீர்களே, அது என்ன?

காளமேகப் புலவர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார் அக்கா. ஜப்பானியர் சாட்டர்னை ‘சாத்தான்’ என்று நீட்டிச் சொல்வார்கள். ‘ஷிரோ’ என்றால் ‘செய்’ என்று அதட்டும் ஏவல். அப்படியானால் “செகா சாத்தான், ஷிரோ!” என்பது ‘செகா சாட்டர்ன் ஆடுடா!’ என்ற கட்டளை. இதையே வேகமாகச் சொல்லிப் பாருங்கள், செகாத்தா சான்ஷிரோ என்ற ஆள்பெயர் மாதிரிக் காதில் விழும்.

அந்தப் பெயரும் சும்மா வந்ததில்லை. ‘சுகாத்தா சான்ஷிரோ’ என்பவன் ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த ஜூடோ கதாநாயகன். ட்சுனேயோ தொமிதாவின் நாவலில் பிறந்தவன். அகிரா குரோசாவா இயக்கிய முதல் படமே, 1943இல், அவன் கதைதான். இன்னொன்றும் உண்டு. ‘ஷிரோ’ என்றால் வெள்ளை. 1996இல் ஜப்பானில் சாட்டர்ன் வெள்ளை நிறத்தில் வந்தது. ஒரே சொல்லில் கட்டளையும் நிறமும் கதாநாயகன் பெயரின் வாலும் வந்து உட்கார்ந்துவிட்டன.

சின்னமனூர் அண்ணன்: சாட்டர்ன் என்றால் சனிதானே? நாங்கள் சனீஸ்வரன் கோயில் இருக்கும் குச்சனூர் பக்கத்து ஆட்கள். சனி பெயரை எப்படித் துணிந்து வைத்தார்கள்?

அந்தக் காலத்தில் செகாவில் புது இயந்திரங்களை உருவாக்கும் வேலை நடக்கும்போது அவற்றுக்குக் கோள்களின் பெயரை வைத்து அழைப்பார்கள். செகாவின் முந்தைய கன்சோலான மெகா டிரைவுக்கான 32எக்ஸ் என்ற துணைக்கருவிக்கு செவ்வாய் பெயர். சாட்டர்ன் மட்டும் அந்தப் பெயரிலேயே கடைக்கு வந்துவிட்டது.

அண்ணாநகர், பெயர் வேண்டாம் என்றவர்: அந்த நடிகர் யார்?

ஹிரோஷி ஃபுஜியோகா. 1971இல் வந்த ‘காமேன் ரைடர்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் நாயகன். படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து படுத்துவிட்டதால், இரண்டாவது ரைடர் என்று ஒரு பாத்திரத்தையே கதைக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜப்பானில் ஒரு தலைமுறையே அவரைப் பார்த்து வளர்ந்தது. சக்திமான் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சின்ன வயதில் உலகத்தைக் காப்பாற்றிய ஆள், நாம் வளர்ந்தபிறகு வந்து “ஏன் விளையாடாமல் நிற்கிறாய்?” என்று அதட்டினால் எப்படி இருக்கும்? விளம்பரப் பாட்டைப் பாடியதும் அவரே. அது சிடியாகவும் விற்பனைக்கு வந்தது.

செல்லூர் தம்பி: செகாவுக்கு சோனிக் இருக்கும்போது இவர் எதற்கு?

நல்ல கேள்வி. 1991இல் வந்த சோனிக் என்ற நீல முள்ளெலிதான் செகாவின் முகம். ஆனால் சாட்டர்னில் அவனுக்கென்று புதிதாக, முழுசாக ஒரு பெரிய சாகச கேம் வரவே இல்லை. ‘சோனிக் எக்ஸ்ட்ரீம்’ பாதியில் கைவிடப்பட்டது. பழைய கேம்களின் தொகுப்பும் ஒரு பந்தய கேமும்தான் 1997இல் கிடைத்தன. நாற்காலி காலியாகக் கிடந்தது, செகாத்தா வந்து உட்கார்ந்தார் என்பதே என் கணிப்பு.

விளாச்சேரி, கல்லூரி மாணவி: விளம்பரம் இவ்வளவு நன்றாக இருந்தும் சாட்டர்ன் ஏன் தோற்றது?

அவர் வந்ததே தாமதம். சாட்டர்ன் ஜப்பானில் 1994 நவம்பரில் வெளியானது, போட்டியாக சோனியின் பிளேஸ்டேஷன் அடுத்த மாதமே வந்தது. உள்ளே இரண்டு ஹிட்டாச்சி எஸ்எச்-2 பிராசஸர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கி கேம் எழுதுவது பெரும்பாடு. மற்றவர்கள் முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களால் கட்டியபோது, இது நாற்கோணங்களால் கட்டியது. அதனால் மற்ற கன்சோல்களுக்கு எழுதிய கேமை இதற்கு மாற்றுவதும் சிரமம். அமெரிக்காவில் 1995 மே மாதம் முன்னறிவிப்பே இல்லாமல் 399 டாலருக்குக் கடைக்கு அனுப்பினார்கள். அன்றே சோனி 299 என்று அறிவித்தது. ஜப்பானில் 1997 ஜனவரியில் எல்லோரும் எதிர்பார்த்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேம் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. செகாத்தா வந்தது அந்த வருஷக் கடைசியில்.

ஆனால் தோல்வி என்ற ஒரே சொல்லோடு ஜப்பானை மூடிவிடாதீர்கள். உலகம் முழுக்க விற்ற சாட்டர்ன் 90 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் ஜப்பானில்தான். அமெரிக்கக் கடைகளில் ஒதுக்கிவிட்ட பிறகும் அங்கே மரியாதையாக விற்றது. செகாத்தாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

உசிலம்பட்டி, ஆசிரியர்: கடைசியில் அவரைக் கொன்றுவிட்டார்களாமே. சிரிக்க வைத்த ஆளை ஏன் சாகடிக்க வேண்டும்?

அய்யா, இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் செகாவின் அடுத்த கன்சோலான டிரீம்காஸ்ட் வெளியானது. சாட்டர்னின் காலம் முடிந்தது. ‘சாட்டர்ன் ஆடு’ என்பதையே பெயராக வைத்திருப்பவர் டிரீம்காஸ்ட்டை எப்படி விற்பார்? வேறு கம்பெனியாக இருந்தால் சத்தமில்லாமல் விளம்பரத்தை நிறுத்தியிருக்கும். செகா அவருக்கு ஒரு கடைசிக் காட்சி எடுத்தது.

செகா தலைமை அலுவலகத்தை நோக்கி ஓர் ஏவுகணை வருகிறது. செகாத்தா பாய்ந்து அதை வெறுங்கையால் பிடிக்கிறார், திசையைத் திருப்புகிறார், அதன் மேலேயே ஏறி விண்வெளிக்குப் போகிறார். அங்கே அது வெடிக்கிறது. இத்தனை நாள் அவர் எறிந்தவர்கள் வெடித்தார்கள். இப்போது அவரே.

ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களைப் பற்றி நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். ஆகோள் பூசலில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், விழுந்தவனுக்கு அன்றைய தமிழி எழுத்தில் பெயர் வெட்டிக் கல் நட்டார்கள். ஊருக்காக விழுந்தவனை மறக்கக்கூடாது என்ற எண்ணம் நம் மண்ணில் அவ்வளவு பழையது. ஒரு கேம் கம்பெனி தன் விளம்பரத்தின் கேலிப் பாத்திரத்துக்கு அந்த மரியாதையைச் செய்ததைப் பார்த்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். சிரித்துக்கொண்டேதான் பார்க்க ஆரம்பிப்பேன்.

திண்டுக்கல் தம்பி: அவருக்குப் பிறகு?

டிரீம்காஸ்ட்டுக்கு யுகாவா என்ற செகாவின் நிஜமான உயரதிகாரியையே விளம்பரத்தில் நடிக்க வைத்தார்கள். “செகா நல்லாவே இல்லை, பிளேஸ்டேஷன்தான் ஜோர்” என்று பையன்கள் பேசுவது அவர் காதில் விழுந்து மனம் உடைவார். தன்னையே கேலி செய்துகொள்ளும் துணிச்சல் அது. ஆனாலும் 2001இல் செகா கன்சோல் தயாரிப்பையே விட்டுவிட்டது.

செகாத்தா 2015இல் ‘புராஜெக்ட் எக்ஸ் ஸோன் 2’ கேமில் திரும்பி வந்தார். 2020இல் செகாவின் 60ஆம் ஆண்டுக்கு ‘செகா ஷிரோ’ என்று ஓர் இளைஞன் வந்தான். நடித்தவர் ஃபுஜியோகாவின் சொந்த மகன்.

அவனியாபுரம், புதிதாகச் சேர்ந்தவர்: ஜப்பானிலிருந்து சாட்டர்ன் வரவழைத்திருக்கிறேன். செகாத்தா கேம் ஏதாவது உண்டா?

உண்டு. 1998இல் வந்த ‘செகாத்தா சான்ஷிரோ ஷின்கென் யூகி’. ‘ஷின்கென்’ என்றால் முழு மனதோடு, ‘யூகி’ என்றால் விளையாட்டு. குட்டிக் குட்டி கேம்களின் தொகுப்பு. ஜெயிக்க ஜெயிக்க விளம்பரங்கள் பார்க்கக் கிடைக்கும்.

ஆனால் தம்பி, முதலில் பிளக்கைச் சொருகாதீர்கள். ஜப்பான் கன்சோல் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. என் நண்பர் ஒருவர் ஆசையில் நேராகச் சொருகினார். பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாசனை, பவர் சப்ளை போய்விட்டது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். பின்பக்கச் சின்ன மூடியைத் திறந்தால் சிஆர் 2032 காசு பேட்டரி இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் தேதியும் நேரமும் கேட்கும், சேமித்த ஆட்டமும் நிற்காது. வருகிற ஞாயிறு கன்சோலை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுங்கள், என் டிரான்ஸ்ஃபார்மரில் போட்டுப் பார்ப்போம்.