ஹைட்ரோஸ் டிரம்மும் 85,000 ரூபாய் சான்றிதழும்

கேள்வி: ஐயா, மதுரை முனிச்சாலைப் பக்கம் சாயக் கெமிக்கல் கடை வைத்திருக்கிறேன். சுங்குடிச் சாயம் போடுகிறவர்கள்தான் வாடிக்கை. குடோனில் 50 கிலோ ஹைட்ரோஸ் (சாய வேலைக்கான சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) டிரம் இருபது, 25 கிலோ பிளீச்சிங் பவுடர் மூட்டை முப்பது, கொஞ்சம் காஸ்டிக் சோடா, பத்து கேன் ஆசிட் எப்போதும் இருக்கும். போன வாரம் ஒரு கன்சல்டன்ட் வந்தார். ‘1989 விதிப்படி இது அபாய ரசாயனக் கிடங்கு. அவசரகாலத் திட்டம் எழுதி, கலெக்டர் கமிட்டியில் சான்றிதழ் வாங்க வேண்டும். 85,000 ரூபாய் ஆகும். இல்லாவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள்’ என்கிறார். பயமாக இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்கிற விதி இருப்பது உண்மைதான். 1984 டிசம்பரில் போபால் நடந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-இல் அபாய ரசாயனங்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது பற்றிய விதிகள் வந்தன. முன்கூட்டியே அரசுக்கு அறிவிப்பது, பாதுகாப்பு அறிக்கை, அவசரகாலத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை என்று அதில் உள்ள பெரிய வேலைகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான். குளோரின் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள், வரம்பு 10 டன். 100 கிலோ சிலிண்டராக எண்ணினால் நூறு சிலிண்டர். போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் போன்ற கொடும் விஷங்களுக்கு வரம்பு கிலோக் கணக்கில். உங்கள் குடோனில் இருப்பது அத்தனையையும் ஒரே லாரியில் ஏற்றிவிடலாம். இந்தப் பெரிய வேலைகளுக்குள் நீங்கள் வரமாட்டீர்கள்.

‘கலெக்டர் கமிட்டி’ என்று அவர் சொல்வது 1996-ஆம் ஆண்டு விதிகளில் வரும் மாவட்ட நெருக்கடிக் குழு. ஆட்சியர்தான் தலைவர். பெரிய ஆலைகளில் விபத்து நடந்தால் வெளியே இருக்கும் மக்களை எப்படிக் காப்பாற்றுவது என்று பார்ப்பது அதன் வேலை. கடைக்காரருக்கு வருடா வருடம் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது அந்தக் குழுவின் வேலையே இல்லை.

இந்த ஆட்கள் எழுதிக் கொடுக்கும் ‘திட்டம்’ எப்படி இருக்கும் தெரியுமா? சில வருடங்களுக்கு முன் ஒருவர் இப்படி வாங்கியதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஸ்பைரல் பைண்டிங், கலர் அட்டை, 120 பக்கம். குடோன் இருப்பது திருமங்கலம் சாலையில். பதினேழாம் பக்கத்தில் ‘மாலையில் கடற்காற்று வீசும் திசைக்கு எதிராக ஆட்களை வெளியேற்றவும்’ என்று இருந்தது. அவசரத் தொலைபேசிப் பட்டியலில் துறைமுக அதிகாரியின் எண். தூத்துக்குடியில் யாருக்கோ செய்ததை அட்டையை மட்டும் மாற்றித் தலையில் கட்டியிருக்கிறார்கள். மதுரையில் கப்பல் வருவதற்குள் நாம் யாரும் இருக்கப்போவதில்லை.

உங்களிடம் வந்தவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: எந்த விதி, எந்த ரசாயனம், வரம்பு எத்தனை டன், அரசுக் கட்டணம் எந்தக் கணக்கில் கட்ட வேண்டும்? வாயால் சொன்னால் போதாது, லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அப்புறம் வரமாட்டார்.

சரி, அப்படியானால் நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் முடியாது. அதே 1989 விதிகளில் வரம்பு பார்க்காத பொறுப்பும் ஒன்று உண்டு. தன்னிடம் இருக்கும் ரசாயனத்தில் என்ன ஆபத்து என்று தெரிந்துகொண்டு, அதைத் தடுக்க ஏற்பாடு செய்து, வேலை செய்கிறவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிரம்மிலும் லேபிள், ஒவ்வொரு சரக்குக்கும் அதன் ஆபத்தும் கையாளும் முறையும் எழுதிய பாதுகாப்புத் தரவுத் தாள். சப்ளையரிடம் கேட்டால் காசில்லாமல் தருவார். இதற்கு எந்தக் கன்சல்டன்டும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது சீல் இல்லை, அந்த இருபது டிரம் ஹைட்ரோஸ்தான். அதில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், தானாகச் சூடேறும். கந்தக நெடி வரும், அப்புறம் பற்றிக்கொள்ளும். ஒரு ஐப்பசி இரவு, மழை விட்ட பிறகு, ஒரு சாயப்பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆணி போன ஓட்டை. அதற்கு நேர் கீழே, மூடி சரியாக அழுத்தாத ஒரு டிரம். தகரத்தில் கை வைத்தால் இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. நல்லவேளை, அதைத் தனியாக வாசலில் உருட்டிவிட இடம் இருந்தது.

பற்றிவிட்டால் நம் ஆட்கள் உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள், இல்லையென்றால் மணலைக் கொட்டுவார்கள். இரண்டும் உதவாது. கொஞ்சம் தண்ணீர் சூட்டைக் கிளப்பிவிடும். ஹைட்ரோஸ் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை, அதனால் மணல் போட்டு மூடினாலும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். வெள்ளம் போல் தண்ணீர் அடித்தால்தான் அடங்கும், அது தீயணைப்பு வண்டியால்தான் முடியும். நீங்கள் செய்ய வேண்டியது ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 101-க்கோ 112-க்கோ போன் செய்வது. ‘குடோனில் தீ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ஹைட்ரோஸ், இத்தனை டிரம், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர், ஆசிட்’ என்று சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்துச் சரக்கும் ஒரு தலைவலி. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் ஒழுகினால் குளோரின் வரும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு, தரையோடு படரும். குடோனில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பையனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். ஹைட்ரோஸும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீ. மூன்றையும் ஒரே சுவரை ஒட்டி அடுக்கியிருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். ஹைட்ரோஸ் மரப்பலகை மேல், ஒழுகாத மூலையில். ஆசிட் எதிர்க்கோடியில். ராத்திரி யாரும் குடோனில் படுக்க வேண்டாம்.

கடைசியாக ஆசிட். ‘சரக்கு கம்மி, எனக்குப் பொருந்தாது’ என்று இதில் மட்டும் சொல்ல முடியாது. திராவக வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்கு டன் கணக்கு கிடையாது, கக்கூஸ் கழுவ ஒரு பாட்டில் என்றாலும் பொருந்தும். வாங்குபவர் பெயர், முகவரி, அளவு, எதற்கு என்ற காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்த பிறகே விற்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்குக் கூடாது. கையிருப்பைக் கோட்டாட்சியரிடம் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காத சரக்கு பறிமுதல், அபராதம் 50,000 ரூபாய் வரை. ‘பத்து வருஷமாக வாங்குகிற அண்ணாச்சிதானே’ என்று பதியாமல் கொடுக்காதீர்கள். அண்ணாச்சியையும் பதியுங்கள். அவர் அனுப்பும் சின்னப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை அறவே நிறுத்துங்கள். விஷப் பொருள் உரிமம் உங்களிடம் இருக்கிறதா, செல்லுபடியாகிறதா என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள், ஆள் அனுப்ப வேண்டாம்.

நேரில் போனால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஒரு மேஜை இன்னொரு மேஜையைக் காட்டும். விதியைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்துக் கவுன்டரில் ஒட்டியிருந்தால் 85,000 ரூபாய் ஆட்களுக்குப் பிழைப்பே இருக்காது. விதி வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஒட்டவில்லை. லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்டில் வெடித்த பிறகுதான், சென்னை மணலியிலும் அதே சரக்கு சுமார் 700 டன் வருடக்கணக்காகக் கிடந்தது நமக்கு ஞாபகம் வந்தது. அதுவரை அதைக் கேட்க ஆளில்லை, உங்கள் முப்பது மூட்டைக்கு மட்டும் ஆள் தேடி வருகிறார்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை எழுதியே கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், அடுத்த மழைக்குள், கூரையில் ஏறி எங்கே ஓட்டை என்று பார்த்துவிடுங்கள்.